விசில் நின்றால் நிறுத்து

தெருத் திருப்பத்தில் இருக்கும் சைக்கிள் கடையைத் தாண்டியதும் அவர் விசிலடிப்பார். இரண்டு குட்டை விசில். விரல் வைக்காமல், நாக்கை மடித்து, பல்லிடுக்கில் காற்றை விட்டு அடிக்கிற விசில். அது வரிசையாக நிற்கும் வீடுகளைத் தாண்டி அவருடைய சமையலறை ஜன்னலுக்குள் போய்விடும். உள்ளே அவருடைய மனைவி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவாள். அவர் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்கும் தேநீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

"வாசல்ல பெல்லுன்னு ஒண்ணு மாட்டியிருக்கோம், தெரியுமா?" என்று அவள் கேட்பதுண்டு.

"பெல்லு வந்துட்டவங்களுக்கு. நான் வந்துக்கிட்டிருக்கிறவன்" என்பார் அவர்.

தெருவில் எல்லோருக்கும் அவர் விசில்காரர். சொந்தப் பெயர் பென்ஷன் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தேவைப்பட்டது. அதிலும் சில வருஷங்களாக ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை அடிக்கடி கூப்பிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை விசில் வரவில்லை. வாசலில் நிழல் தட்டியதும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, திருடன் மாதிரி?"

"மறந்துட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தை எடுத்தாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"புது மருந்து ஒண்ணு இருக்காம். போட்டுக்கறேனா இல்லையான்னு வியாழக்கிழமை வந்து சொல்லணுமாம்."

"எடுத்தாங்களே, அந்தப் படம்?"

"பார்த்தேன்."

அவர் தேநீரை வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கன்னத்துக்குள் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கினார். அவளும் கூட வருகிறேன் என்றுதான் காலையில் சொன்னாள். ஒரு படம் பார்க்க இரண்டு பேர் எதற்கு என்று அவர்தான் தடுத்துவிட்டார். அவள் வராததே நல்லது என்று இப்போது தோன்றியது.

அவர் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். சரக்கெல்லாம் பெரிய இரும்புப் பெட்டிகளுக்குள் அடைந்து வராத காலம் அது. மூட்டை, பீப்பாய், மரம், கம்பிக் கட்டு என்று ஒவ்வொன்றும் தன் சொந்த உருவத்தோடு கப்பலேறும். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கடல் தெரியும், ஊர் தெரியும், வானம் வெளுத்த நாளில் அக்கரைகூடத் தெரியும். தான் இறக்குகிற சரக்கு போய் உட்காரும் கப்பலின் வயிறு மட்டும் தெரியாது. அந்த இருட்டுக்குள் நின்று, எது எங்கே வருகிறது, கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து மேலே சொல்கிறவர்தான் சிக்னல்காரர். மற்றவர்கள் கழுத்தில் உலோக விசில் மாட்டியிருந்தார்கள். சிமெண்டுத் தூசி புகுந்தால் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இவருடைய விசிலுக்கு எச்சில் இருந்தால் போதும்.

விதி எளிமையானது. இரண்டிரண்டாக, மூச்சுவிடும் கதியில் விசில் வந்துகொண்டிருக்கும்வரை சரக்கு இறங்கும். அது தரையில் உட்கார்ந்து கொக்கியைக் கழற்றியதும் நீளமாக ஒரு விசில். வெறும் கொக்கி மேலே போகும். நடுவில் விசில் நின்றால் அந்த இடத்திலேயே எல்லாம் நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்லித் தனியாக ஒரு சத்தம் கிடையாது. ஆபத்தில் இருக்கிறவனுக்குச் சத்தம் போட நேரமிருக்காது என்பது அந்த விதியை வகுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் நின்றது என்று மேலே இருப்பவர் கேட்கவும் கூடாது.

மேலே இருந்தவருக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். கழுத்து அப்படி. கூண்டு ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தே அது நீண்டுவிட்டதாகத் துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தபோது, சுமை தூக்குகிறவர் ஒருவர் வழுக்கி அதற்கு நேர் கீழே விழுந்தார். விசில்காரர் ஓடினார். ஓடுகிறவனால் விசிலடிக்க முடியாது. தலைக்கு மேல் கட்டு நின்றது. விழுந்தவரை இழுத்து ஓரத்தில் போட்ட பிறகு பார்த்தால், பயத்தில் இவருடைய வாய் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. நாக்கை எப்படி மடித்தாலும் வெறும் காற்றுதான் வந்தது. வெளியே மேஸ்திரி கிரேனைப் பார்த்து, "இறக்குய்யா, தூங்கறியா" என்று கத்துவது உள்ளே கேட்டது. அப்புறம் கெட்ட வார்த்தைகளும் கேட்டன. கட்டு அசையவில்லை. எச்சில் ஊறி, முதல் விசில் கிளம்பும்வரை அசையவில்லை. தலைக்கு மேல் அத்தனை கனம் தொங்கியதையும், தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வருவதற்காக முகம் தெரியாத உயரத்தில் ஒருவன் காத்திருந்ததையும் அவர் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். அதுபோல் யாரும் அவருக்காகக் காத்திருந்தது கிடையாது.

அன்று வேலை முடிந்ததும் கொக்கு அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். பரிமாறியது கொக்குவின் தங்கை.

"இவர்தான் கீழே நிக்கிறவர். இவர் நிறுத்தினா நான் நிறுத்திடுவேன்" என்றார் கொக்கு.

"நான் நிறுத்த மாட்டேன். போதும்னா வாயைத் திறந்து சொல்லச் சொல்லு" என்றாள் தங்கை.

அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை, வயிற்றுக்கு ஆகவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்தது இவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் புரோஸ்டேட்டில் புற்று என்று கண்டுபிடித்து, அறுவை செய்து எடுத்திருந்தார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியது. ஹார்மோன் ஊசி போட்டார்கள், இறங்கியது, மறுபடி ஏறியது. எங்கேயோ இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. பழைய ஸ்கேன்களில் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இந்தப் புது ஸ்கேன். ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அது உடம்பு முழுக்கச் சுற்றி, புரோஸ்டேட் புற்றுச் செல் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டின இடம் படத்தில் ஒளிருமாம். கேட்டபோது அவருக்குப் பிடித்திருந்தது. கப்பலின் வயிற்றுக்குள் ஒருவன் விளக்கோடு இறங்குவதாக நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினாள். கைகளை மேலே தூக்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு மனிதன். அங்கங்கே வெளிச்சம்.

"பயப்படாதீங்க ஐயா. இது சிறுநீரகம், மருந்து வெளியே போற வழி. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். இது மூத்திரப்பை, இதுவும் அப்படித்தான். இங்க பாருங்க, இடுப்புக்குள்ள ரெண்டு நெறிக்கட்டி. இதுதான் விஷயம். அப்புறம் விலா எலும்புல ஒரு புள்ளி, முதுகெலும்புல ஒண்ணு."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே படத்தை மேலே நகர்த்தினாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். படம் முகத்துக்கு வந்தது. இரண்டு காதுக்கும் கீழே கன்னத்தில், தாடைக்கு அடியில், இரண்டு கண்ணின் ஓரத்திலும் வெளிச்சம். இடுப்பில் பார்த்ததைவிட, எலும்பில் பார்த்ததைவிடப் பிரகாசமாக. டாக்டரம்மாவின் கை அங்கே நின்றது. பேச்சும் நின்றது. அவர் காத்திருந்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். யாரோ கதவைத் தட்டி ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னாள். திரும்பி வந்து அந்தப் புது மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் கேட்கவில்லை. நின்றால் ஏன் என்று கேட்கக் கூடாது.

பஸ்ஸில் உட்கார்ந்து தாடைக்கு அடியில் விரலால் அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்காததே அவருக்கு மோசமாகப் பட்டது. சைக்கிள் கடையைத் தாண்டியதும் நாக்கு தானாக மடிந்தது. அந்த வெளிச்சங்கள் நினைவுக்கு வந்தன. உதட்டை மூடிக்கொண்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டைச் சுற்றி வேலை பார்த்தார். ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஜன்னல் கொண்டிக்கு எண்ணெய் விட்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, தண்ணீர்த் தொட்டியின் வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று காட்டினார்.

"எதுக்கு இது?"

"தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதானே."

"நீங்க துறைமுகத்துக்குப் போய் நின்ன காலத்துலேர்ந்து இதை மூடறது யாருன்னு நினைச்சீங்க?"

அவர் வால்வைத் துணியால் துடைத்தார். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினார். அன்றும் விசில் இல்லை. அவள் ஜன்னலோரம் நின்று அவர் திருப்பத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் உள்ளே வந்தபோது அடுப்பில் எதுவும் இருக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மௌனம் புதிதல்ல. இரண்டு பேருமே அதிகம் பேசாதவர்கள். ஆனால் வழக்கமான மௌனத்தில் சாய்ந்துகொள்ளலாம். இது அப்படி இல்லை.

புதன்கிழமை காலையில் கொக்கு வந்து சேர்ந்தார். கைத்தடி ஒரு பக்கம், பை ஒரு பக்கம். கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"கிளம்பு மாப்ள. கடல் காத்து வாங்கிட்டு வரலாம்."

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா, மச்சான்?"

"முழங்கால் என்னோடது. நீ சும்மா நட."

துறைமுகத்துக்குள் இப்போதெல்லாம் விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே கடலைப் பார்த்து ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ராட்சதக் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. சத்தம் குறைவு. ஆட்களும் குறைவு.

"பார்த்தியா, கூண்டுல ஆளே இல்ல" என்றார் கொக்கு. "எங்கேயோ ரூம்ல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டே இறக்கறானாம்."

"கப்பல் வயித்துக்குள்ளயும் கேமராவாமே."

"நல்லதுதான். நாம ரெண்டு பேரும் கூச்சல் போட்டுச் செஞ்ச வேலை."

"நான் எப்போ கூச்சல் போட்டேன்? விசில்தான்."

"உன் விசில் என் காதுக்குள்ள இன்னும் இருக்கு மாப்ள. சில நாள் காலையில எழுந்திருக்கும்போது கை தானா லீவரைத் தேடும்."

ஒரு பெட்டி இறங்கி உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எங்கே வைத்தார்களோ அங்கே, ஒரு விரல் அளவு பிசகாமல். பழைய நாட்களில் சரக்கு தரையைத் தொடும்போது ஒரு பெருமூச்சு கேட்கும். பலகையும் கம்பியும் கயிறும் சேர்ந்து விடுகிற மூச்சு. அது இப்போது கேட்கவில்லை. வேலிக்கு வெளியே இருப்பதால் கேட்கவில்லையா, இப்போது அது இல்லவே இல்லையா என்று விசில்காரர் யோசித்தார்.

"என் தங்கச்சி நேத்து போன் பண்ணினா" என்றார் கொக்கு, கடலைப் பார்த்தபடி. "என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணே, ரெண்டு நாளா விசில் நின்னிருக்கு.' அவ்வளவுதான். போனை வச்சுட்டா."

விசில்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கொக்கு அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

"தலைக்குப் போயிடுச்சு, மச்சான்" என்றார் விசில்காரர் கடைசியில். "படத்துல பார்த்தேன். கன்னம், தாடை, கண்ணு, எல்லாம் எரியுது. இடுப்புல இருக்கறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நாளைக்குப் போய் மருந்து வேண்டாம்னு சொல்லிடப் போறேன். ரெண்டு எலும்புன்னா போராடிப் பார்க்கலாம். மண்டை முழுக்கன்னா, இருக்கிற நாளை வீட்டுலயே இருந்துடலாம். அவகிட்ட சொல்லாதே."

"டாக்டரம்மா சொன்னாங்களா, தலைக்குப் போயிடுச்சுன்னு?"

"சொல்லல. அதைத்தான் சொல்றேன். சிறுநீரகத்துக்குச் சொன்னாங்க, எலும்புக்குச் சொன்னாங்க. முகத்துக்கு வந்ததும் பேச்சு நின்னுடுச்சு. கையும் நின்னுடுச்சு."

கொக்கு கழுத்தை நீட்டிக் கப்பல்களைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே நோய் வந்தது. அப்போது படமெல்லாம் இவ்வளவு தெளிவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நோய் இருந்த இடத்தில் ஊசி படவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் அகப்பட்டது. நல்ல வேளையாக வெளியே பரவாமல் இருந்ததால் எடுத்துவிட்டார்கள். இன்றும் அவர் பெரிதாகச் சிரித்தால் அவசரமாக எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் மச்சினன் ஜோக் சொன்னால் காசு கொடுத்து நிறுத்துவேன் என்பார்.

"மாப்ள" என்றார் கொக்கு. "அந்த டாக்டரம்மா எந்த வருஷம் நம்ம துறைமுகத்துல வேலை பார்த்தாங்க?"

"என்னது?"

"இல்ல, பேச்சு நின்னா ஆபத்துன்னு அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டேன்."

விசில்காரர் வாயைத் திறந்தார், மூடினார்.

"நாளைக்கு நானும் வர்றேன். அவளும் வரட்டும்" என்றார் கொக்கு. "நீ கேட்கலன்னா நான் கேட்பேன். எட்டிப் பார்க்கிறது எனக்குப் புதுசில்ல."

வியாழக்கிழமை டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. மூன்றாவதைக் கொக்கு பக்கத்து அறையிலிருந்து இழுத்து வந்தார். டாக்டரம்மா மூன்று பேரையும் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா ஐயா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. மூன்று நாளாக அதை அங்கேயே வைத்திருந்தார். பக்கத்தில் கொக்கு தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றார் அவர். "அந்த முகம்."

"எந்த முகம்?"

"படத்துல. கன்னத்துல, கண்ணுகிட்ட, வெளிச்சமா. நீங்க அங்க வந்ததும் நிறுத்திட்டீங்க."

டாக்டரம்மா படத்தைத் திறந்தாள். முகம் வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை மேஜையைச் சுற்றி அவர் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இது எச்சில் சுரக்கிற இடம். இது கண்ணீர் சுரக்கிற இடம். நாங்க போடற மருந்து புற்றுச் செல்லுல எதைத் தேடி ஒட்டிக்குதோ, அது கொஞ்சம் இங்கேயும் இருக்கு. அதனால எல்லாருக்கும் ஒளிரும். நோய் இருந்தாலும் இல்லாட்டியும். இருங்க, காட்டறேன்." பெயரை மறைத்து வேறொருவரின் படத்தைத் திறந்தாள். உடம்பு முழுக்க ஒரு புள்ளி நோய் இல்லை. முகம் அதே மாதிரி எரிந்தது. அதே கன்னம், அதே தாடை, அதே கண்ணோரம். "தினமும் பார்த்துப் பார்த்து இது எங்க கண்ணுக்கே படறதில்ல. சொல்லணும்னு தோணாமப் போச்சு. தப்பு என்னுதுதான்."

"அப்போ ஏம்மா அங்க நின்னீங்க?" என்று கேட்டார் கொக்கு.

அவள் யோசித்தாள். "தெரியலையே. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. அதா இருக்கும்."

கொக்குவின் தோள் குலுங்கியது. அவர் சட்டென்று எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று தங்கைக்கும் மச்சினனுக்கும் தெரியும்.

மனைவி அவரைப் பார்க்காமல், திரையில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதுக்குத்தான் எனக்கு வால்வு காட்டினீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் சோத்தைப் போட்டுக்கிட்டே இருந்தப்போ, போதும்னு அன்னைக்கும் நீங்க சொல்லல. இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கப் பழகல."

டாக்டரம்மாவுக்கு இது விளங்கவில்லை. இருந்தாலும் அது முடியும்வரை காத்திருந்தாள். கொக்கு திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு சிகிச்சையைச் சொன்னாள். ஸ்கேனுக்குப் போட்ட மருந்து எந்த விலாசத்துக்குப் போனதோ அதே விலாசத்துக்கு இதுவும் போகும். ஆனால் இந்தத் தடவை விளக்கை எடுத்துப் போகாது, கதிர்வீச்சை எடுத்துப் போகும். ஒட்டின இடத்தைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள்.

"குணமாயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம். சிலருக்கு நல்லாக் கேட்குது, சிலருக்கு அவ்வளவா கேட்கறதில்ல. இன்னொண்ணும் சொல்லணும், இந்தத் தடவை சொல்லாம விட மாட்டேன்." அவள் பேனா முனையால் திரையில் கன்னத்தைத் தொட்டாள். "விளக்கு இங்கே வந்த மாதிரி இந்த மருந்தும் கொஞ்சம் இங்கே வரும். நோய் இல்லன்னு அதுக்குத் தெரியாது. அதனால வாய் உலரும். பலருக்குக் கொஞ்சமா, சிலருக்கு அதிகமா. தண்ணி பாட்டிலைக் கையிலேயே வச்சுக்கணும்."

அவர் அந்தக் கன்னத்தையே பார்த்தார். தன் விசில் எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. அது இப்படி வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

"விசிலடிக்க முடியுமாம்மா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யாரும் என்னை இதைக் கேட்டதில்ல ஐயா. எனக்குத் தெரியல."

வெளியே தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. அவர் மனத்தில் மழை விட்ட அந்தக் காலை வந்தது. காய்ந்த வாய், வெறும் காற்று, மேலே நின்ற கனம். அன்றைக்கு எச்சில் திரும்பி வந்தது.

"கதவைத் திறந்தே வச்சுடறேன்" என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்திரத்தை நீங்க வந்தப்புறம் ஏத்தினாப் போச்சு. கொதிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருங்க. ஒண்ணும் குறைஞ்சுடாது."

அவர் டாக்டரம்மாவிடம் தலையாட்டினார். பிறகு, தலையாட்டினால் போதாது என்று நினைத்தவர் போல, "போட்டுக்கறேன்" என்று வாயைத் திறந்து சொன்னார்.

அன்று திரும்பும்போது சைக்கிள் கடையைத் தாண்டியதும் இரண்டு விசிலடித்தார். மனைவி பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நடையை எட்டிப் போட்டாள். அவர் வீடு சேர்ந்தபோது பாத்திரம் அடுப்பில் ஏறியிருந்தது.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. அந்த அறையின் சுவர்கள் தடிமனானவை. கதவு இன்னும் தடிமன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கனத்த கண்ணாடி. அதற்கு வெளியே கொக்குவும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேசினால் வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும். மருந்தை ஈயப் பெட்டிக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த பையன் குழாயைப் பொருத்தினான்.

"கையை மட்டும் அசைக்காதீங்க சார். பேசலாம், பாடலாம், உங்க இஷ்டம்."

அவன் போய்விட்டான். கதவு மூடிக்கொண்டது. நிறமில்லாத திரவம் குழாயில் இறங்கத் தொடங்கியது. அவர் படுத்தபடி அதைப் பார்த்தார். தன் வயிற்றின் இருட்டையும், அங்கே ஒளிந்திருக்கிற இரண்டு கட்டிகளையும், விலாவில் ஒன்றையும், முதுகில் ஒன்றையும் நினைத்தார். அவ்வளவு சின்ன இடத்தில், ஒரு விரல் பிசகாமல் போய் உட்கார வேண்டும்.

நாக்கை மடித்தார். எச்சில் இருந்தது. மெதுவாக, மூச்சுவிடும் கதியில், இரண்டிரண்டாக விசிலடிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு நீளக் கழுத்து நிமிர்ந்தது. கொக்குவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் எதையோ பிடித்தது. பிடித்து, ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. மனைவி அண்ணனின் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அந்தக் கையைப் பார்த்தாள். அந்தப் பையன் ஏதோ கேட்டான். அவள் ஏதோ பதில் சொன்னாள். அவனும் நின்று கேட்க ஆரம்பித்தான்.

கடைசித் துளியும் குழாயை விட்டுப் போனது. அவர் விசிலை நிறுத்தினார்.

கொக்குவின் கை அந்த இடத்திலேயே நின்றது. அடுத்த சத்தம் வரும்வரை அது நிற்கும். எவ்வளவு நேரமானாலும், யார் வந்து என்ன சொன்னாலும் நிற்கும். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு நாக்கை வாய் முழுக்க ஒரு சுற்று சுற்றி, இருந்த ஈரத்தையெல்லாம் சேர்த்து, நீளமாக ஒரு விசில் அடித்தார்.

கை மேலே போனது. மனைவி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவரை வெளியே விட இன்னும் சில மணி நேரம் ஆகும். அவள் முன்னால் போய் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.